சினிமாவுக்குப் போனதற்காக மகனைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாம் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது?

பாளை தகப்பன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு வாரமாக மனதில் ஒரு பாரம். வீட்டில் பேசித் தீரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மகனுக்கு 16 வயது. ஆலயத்தில் பாடகர் குழுவில் டெனர் பாடுகிறான். இந்த வருஷம் திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நான உடன்படிக்கையைப் பிள்ளைகள் தாங்களே எடுத்துச் சொல்கிற ஆராதனை) ஆயத்த வகுப்பும் போய்க்கொண்டிருக்கிறான். பரீட்சை முடிந்த அன்றைக்குக் கூடப் படிக்கும் பையன்களோடு தியேட்டருக்குப் போனான். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். யு/ஏ 16+ சான்றிதழ் வாங்கிய படம். வெட்டுக்குத்து நிறைய, குடிக்கிற காட்சிகள், நடுவில் ஒரு படுக்கையறைக் காட்சி. தியேட்டர் வாசலில் எங்கள் சபை மூப்பர் ஒருவர் அவனைப் பார்த்திருக்கிறார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டு, "சாட்சி கெட்டுப்போச்சு, மூணு மாசத்துக்குப் பாட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் சொன்னதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான்: "அப்பா, தாவீது ஒருத்தர் மனைவியை எடுத்துக்கிட்டு அவரைக் கொல்ல வெச்சார். அதை ஆலயத்துல சத்தமா வாசிக்கிறோம். அதே மாதிரி கதையைத் திரையில பார்த்தா மட்டும் எப்படிப் பாவம்?" எனக்குப் பதில் வரவில்லை.

என் அப்பா உபதேசியாராக இருந்தவர். ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் போட்டிருந்த காலத்தில் நான் மணலில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்துவிட்டு வந்தேன். புளிய விளாறால் அடித்தார். ஏன் என்று கேட்கவும் முடியாது, அவர் சொல்லவும் மாட்டார். அந்த மாதிரி என் மகனிடம் நடக்க எனக்கு மனமில்லை. அதற்காக "எல்லாரும் பார்க்கிறாங்க, நீயும் பார்" என்று விட்டுவிடவும் மனசாட்சி இடம் தரவில்லை. பாவக் காட்சிகள் இருக்கிற படத்தை ஒரு விசுவாசி பார்க்கலாமா? எங்கே கோடு போடுவது? வசனத்தோடும் அனுபவத்தோடும் சொல்லுங்கள்.

சீயோன் வாசி

பிரதர், நான் பெந்தெகொஸ்தே சபை. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. நான் சொல்வது கடினமாகத் தெரியலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பனார் சினிமாப் பைத்தியம். அவருடைய நடிகரின் படம் வந்தால் முதல் காட்சிக்கு டிக்கெட், பேனர், மாலை. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதற்காக என் அம்மாவின் தோட்டை அடகு வைத்தார். தம்பிக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி அவர் தியேட்டரில்தான் இருந்தார். அவர் இரட்சிக்கப்பட்டபோது முதலில் விட்டது குடியை இல்லை, சினிமாவை. "அதை விட்டாத்தான் இது போகும்" என்று அவரே சொன்னார். அப்படியே நடந்தது. 30 வருஷம் ஆகிவிட்டது.

அதனால் "சினிமா ஒரு கலை, நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்று 101-ம் சங்கீதம் சொல்கிறது. வைக்கமாட்டேன் என்றால் நானே எடுத்துக் கண்முன் வைக்கிறதைப் பற்றித்தானே? தெருவில் போகும்போது தானாகக் கண்ணில் படுவது வேறு. 200 ரூபாய் கொடுத்து, மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்ப்பது வேறு.

உங்கள் மகனை எல்லார் முன்பாகவும் சொன்னது தவறு. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மறைக்கல்வி ஆசிரியர், திருச்சி

அன்புள்ள ஐயா, நான் கத்தோலிக்கன். இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு மிகப் பழையது. 1905-ல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். அதோடு வந்த சுருள்களில் முக்கியமானது இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய ஊமைப் படம். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் போட்டு, ஊர் ஊராக அதைக் காட்டினார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். தமிழ்நாட்டில் சினிமா பரவியது ஒரு கிறிஸ்தவர் கையால், கிறிஸ்துவின் படத்தோடு. பம்பாயில் பால்கேயும் அதேபோல ஒரு கிறிஸ்து படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம் கதைகளையும் இப்படி எடுக்கலாமே என்று கிளம்பி 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா'வைத் திரைக்குக் கொண்டுவந்தார். சினிமா என்றாலே பிசாசின் கருவி என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் திருச்சபையும் தடுமாறித்தான் வந்திருக்கிறது. 1936-ல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் சினிமாவைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். ஒழுக்கக்கேடான படங்களுக்குப் போகமாட்டோம் என்று மக்கள் ஆண்டுதோறும் வாக்குறுதி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நாட்டிலும் படங்களைப் பார்த்துத் தரம் பிரிக்க ஓர் அலுவலகம் வேண்டும் என்றார். அறுபது வருஷம் கழித்து, 1995-ல், சினிமா பிறந்து நூறாண்டு ஆனபோது வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' இருக்கிறது. யூதர்களைக் கொன்று குவித்த கதை. கொலை, நிர்வாணம், படுக்கையறை எல்லாம் உள்ள படம். அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். பாவம் காட்டப்படுகிறதா என்பது மட்டும் அளவுகோலாக இருந்திருந்தால் அந்தப் படம் அந்தப் பட்டியலுக்குள் வந்திருக்காது.

சீயோன் வாசி

ஐயா, அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் நம் பையன்கள் அந்த மாதிரிப் படத்துக்காகவா வரிசையில் நிற்கிறார்கள்? நல்ல படம் ஒன்றைக் காட்டி நூறு கெட்ட படத்துக்கு வாசல் திறந்து விடுகிறோமோ என்று தோன்றுகிறது.

இறையியல் மாணவன்

சீயோன் வாசி சிஸ்டர் கேட்டது நியாயம். பாளை அண்ணனுடைய மகன் தாவீதைப் பற்றிக் கேட்டதும் நியாயம். அந்தக் கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வேதத்தில் பாவம் நிறைய இருக்கிறது. ஒரு பெண்ணை ராத்திரி முழுவதும் கூட்டமாகச் சீரழித்த கதை வருகிற நியாயாதிபதிகள் 19-ஐ உள்ளபடி படமாக எடுத்தால் 'ஏ' சான்றிதழ்கூடக் கிடைக்குமா என்பது சந்தேகம். ஆனால் தாவீதின் கதை வருகிற 2 சாமுவேல் 11-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். தாவீது உப்பரிகையில் உலாவுகிறான், பார்க்கிறான், விசாரிக்கிறான், ஆள் அனுப்புகிறான். பாவம் நடந்தது நான்காம் வசனத்தில் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. அந்தப் பெண், பத்சேபாள், ரூபவதி என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் வர்ணனை இல்லை. அதன் பின்விளைவோ அதிகாரம் அதிகாரமாக நீள்கிறது. அவள் கணவன் உரியா வாசற்படியில் படுத்துக்கிடந்தது, அவனைச் சாகடிக்கச் சொல்லிப் படைத்தலைவன் யோவாபுக்குப் போன கடிதம், செத்த குழந்தை, பிறகு தாவீதின் பிள்ளைகள் தாமார், அப்சலோம் பட்ட பாடு. அந்த அதிகாரம் எப்படி முடிகிறது? "தாவீது செய்த இந்தக் காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது." நம் படங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பாவத்துக்கு ஐந்து நிமிஷம், ஒரு பாட்டு, மெதுவாக நகரும் கேமரா. பின்விளைவுக்கு ஒரு வசனம், அல்லது அதுவும் இல்லை. தம்பியிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள். 16 வயதுப் பையனுக்கு நன்றாகப் புரியும்.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீதின் பாவத்தை உணர்த்த அவனிடம் வந்தபோது கதைதான் சொன்னார். ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதை. நேராகக் குற்றம் சொல்லியிருந்தால் ராஜா காது கொடுத்திருப்பானோ என்னவோ. கதை என்பதால் உள்ளே நுழைந்தது. அந்த மாதிரி நுழைகிற கதைகளும் இருக்கின்றன. ஆபத்தும் அதே கதவு வழியாகத்தான் வருகிறது.

பவுல் விஷயம் ஒன்று. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று 1 கொரிந்தியர் 15-ல் இருக்கிறதே, சினிமாவுக்கு எதிராக நம் மேடைகளில் அதிகம் சொல்லப்படுகிற வசனம். அந்த வரி மெனாண்டர் என்ற கிரேக்க நாடகாசிரியர் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்திலிருந்து வந்தது என்பது அறிஞர்கள் பொதுவாக ஒத்துக்கொள்கிற விஷயம். நாடகத்தின் பெயர் 'தாயிஸ்', அது ஒரு கணிகையின் பெயர். பவுல் அந்த நாடகத்தைப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை, அந்த வரி அன்று பழமொழி மாதிரி புழங்கியிருக்கலாம். ஆனால் அங்கிருந்து வந்தது என்பதற்காக அவர் அதைத் தூக்கி எறியவில்லை.

சாலிக்கிராமம்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் சினிமாவில் வேலை செய்கிறவன். ஒலிப்பதிவுக் கூடம். காலடி, கதவு, அடி விழுகிற சத்தம், வளையல் சத்தம் எல்லாவற்றையும் தனியாகச் செய்து படத்தில் சேர்ப்பது எங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறேன், தசமபாகம் கொடுக்கிறேன். சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாஸ்டருக்குத் தெரியும். இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

பார்க்கிறவர்கள் பக்கமிருந்தே எல்லாரும் பேசுகிறீர்கள். எடுக்கிற பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். கொலைக் காட்சியில் யாரும் சாவதில்லை. ரத்தம் நிறம் கலந்த தண்ணீர், அடிச் சத்தம் நான் தோல் பையில் அடித்து எடுத்தது. கட் சொன்னதும் செத்தவர் எழுந்து டீ குடிக்கப் போவார். ஆனால் படுக்கையறைக் காட்சியில் நடிப்பு எது, நிஜம் எது? அந்தப் பெண்ணின் உடம்பு நிஜம். சுற்றி நிற்கிற இருபது ஆண்கள் நிஜம். ஒருமுறை அப்படி ஒரு காட்சிக்கு டப்பிங் பேச ஒரு பெண் வந்திருந்தாள். வசனம் கிடையாது, மூச்சுச் சத்தம் மட்டும்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பதினொரு தடவை எடுத்தார்கள். முடித்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் கேட்டாள். டம்ளர் பிடித்த கை ஆடியது. அவளும் கழுத்தில் சிலுவை போட்டிருந்தாள்.

வன்முறையும் பாவம், ஆபாசமும் பாவம், இரண்டும் ஒன்றுதானே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒன்று இல்லை. ஒன்றைப் பாவனையாகக் காட்ட முடியும். மற்றொன்றைக் காட்ட ஓர் ஆளை அதில் இறக்கியாக வேண்டும். நாம் கொடுக்கிற டிக்கெட் காசு அவளை அங்கே நிறுத்துகிறது.

இப்போது என் கேள்வி. நான் இந்த வேலையை விட வேண்டுமா? எனக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள்.

நாசரேத்துக்காரி

சாலிக்கிராமம் அண்ணனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அண்ணன் சொன்னதை வாசித்துவிட்டு அழுதேன்.

எனக்கு 22 வயது. நம் சபைகளில் பாவக் காட்சி என்றால் முத்தமும் படுக்கையும் மட்டும்தான் கணக்கில் வருகிறது. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று எங்கள் வாலிபர் கூடுகையில் சொல்லப்பட்ட ஒரு 'யு' படம் பார்த்தேன். நாயகன் அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் துரத்துகிறான், பஸ்ஸில், காலேஜ் வாசலில், வீட்டுத் திண்ணையில். கடைசியில் அவள் சம்மதிக்கிறாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிளஸ் ஒன்னிலிருந்து இரண்டு வருஷம் ஒருவன் என்னை அப்படித்தான் துரத்தினான். சினிமாவில் வருகிற வசனத்தையே வந்து சொல்வான். நான் டியூஷனை நிறுத்த வேண்டி வந்தது. அந்தப் படத்தில் ஆபாசமாக ஒரு காட்சிகூட இல்லை. தணிக்கைக்காரர்கள் வெட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

அப்புறம் சாதி. மீசையை முறுக்கி "நாங்க யார் தெரியுமா" என்று பரம்பரைப் பெருமை பேசுகிற படத்துக்கு எங்கள் ஆலயத்து வாலிபர்கள் விசில் அடிக்கிறார்கள். அதே ஆலயத்தில் கல்யாணம் என்று வந்தால் சாதி பார்க்கிறார்கள். இதைப் பாவம் என்று சொல்லி எந்த மூப்பர் யாரைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினார்? கறுப்பாக இருக்கிறவளை, குண்டாக இருக்கிறவளைக் கேலி செய்கிற காமெடியை ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து மதியச் சாப்பாட்டோடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிறோம். தேவசாயலைக் கேலி செய்கிறோம் என்று ஒருவருக்கும் உறுத்துவதில்லை.

மறுபக்கம், சாதிக் கொலையைப் பற்றி 'ஏ' சான்றிதழோடு வந்த ஒரு படத்தைத் தோழி வீட்டில் பார்த்தேன். கெட்ட வார்த்தை, ரத்தம் எல்லாம் இருந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பாட்டி எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளரில் காபி கொடுப்பது அதுவரை என் கண்ணில் பட்டதே இல்லை. மறுநாள் காலையில் பட்டது.

அட்வகேட்

சான்றிதழ் விஷயத்தில் ஒரு சின்ன விளக்கம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, பழைய யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 'ஏ' படத்துக்கு 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விடவே கூடாது, அது சட்டம். யு/ஏ அப்படியில்லை. பெற்றோர் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்பதற்கான குறிப்பு, அவ்வளவுதான். ஓடிடி தளங்களுக்கும் 2021 விதிகளின்படி இதே மாதிரி வயதுக் குறியீடு உண்டு. 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி கொடுத்தாக வேண்டும். ஐயாவின் மகன் சட்டப்படி எதையும் மீறவில்லை. தகப்பனாரிடம் சொல்லிவிட்டும் போயிருக்கிறான். அரசாங்கச் சான்றிதழ் மனசாட்சிக்குச் சான்றிதழ் இல்லை என்பதும் சரிதான்.

இறையியல் மாணவன்

சாலிக்கிராமம் அண்ணனுக்கு. உங்கள் கேள்வி 1,800 வருஷப் பழைய கேள்வி என்றால் நம்புவீர்களா?

மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தின் ஆயர் சிப்ரியான். யூக்கிராத்தியுஸ் என்ற இன்னோர் ஆயர் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறார்: எங்கள் சபையில் ஒரு நடிகர் இருக்கிறார். இப்போது மேடை ஏறுவதில்லை, ஆனால் மற்றவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறார். அவர் ஐக்கியத்தில் இருக்கலாமா? சிப்ரியான் கூடாது என்றுதான் பதில் எழுதினார். கடுமையான பதில். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. வறுமையைக் காரணமாகச் சொன்னால், சபை ஆதரிக்கும் மற்ற ஏழைகளோடு அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எளிமையான சாப்பாடு போதும் என்று அவர் இருக்க வேண்டும் என்றார். உங்கள் சபையால் முடியாது என்றால் இங்கே அனுப்புங்கள், சோறும் துணியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

இன்று நமக்கு அந்தக் கடிதத்தின் முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. வேலையை விடு என்று சொல்கிற சபை அந்த இரண்டு பெண் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸைக் கட்டுமா? கட்டத் தயாரில்லாத சபைக்கு அப்படிச் சொல்ல வாய் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். உங்களுக்கு நான் சொல்லத் துணிவது ஒன்றுதான், அண்ணே. எந்தக் காட்சிக்கு வேலை செய்ய மாட்டேன் என்று சொல்ல உங்களுக்குக் கொஞ்சமாவது இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கால்வாசி இடம் இருந்தாலும் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

சாலிக்கிராமம்

தம்பி, நன்றி. அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. இடம் இருக்கிறது. இதுவரை கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சீயோன் வாசி

சாலிக்கிராமம் பிரதர், எங்கள் சபையாக இருந்தால் ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே வேலையை விடச் சொல்லியிருப்பார்கள். நானும் அதைச் சரி என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். யார் சோறு போடுவது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்று காலை ஜெபத்தில் உங்களையும் அந்த டப்பிங் பேசிய மகளையும் நினைத்தேன்.

நாசரேத்து மகளே, நீ சொன்னதும் உண்மை. டிவி இல்லாத எங்கள் வீட்டிலும் பெருமை இருக்கிறது.

இறையியல் மாணவன்

சிஸ்டருடைய பக்கத்துக்கும் பலமான சாட்சிகள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட கி.பி. 200-ல் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், நாடகம், வாள்சண்டை மாதிரியான பொதுக் காட்சிகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். "காட்சிக்குப் போகாதே என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று அன்றும் கேட்டிருக்கிறார்கள். அவர் முதல் சங்கீதத்தைக் காட்டினார்: பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காராமல். ஞானஸ்நானத்தில் பிசாசையும் அவனுடைய ஆடம்பரங்களையும் மறுத்தோமே, அந்த ஆடம்பரம் என்பது இந்தக் காட்சிகள்தான் என்றார். தம்பி திடப்படுத்தலில் எழுந்து நின்று சொல்லப்போகிற உடன்படிக்கைக்கும் அதுதான் வேர். ஆனால் அந்த நூலின் கடைசியில் அவரே நியாயத்தீர்ப்பு நாளை ஒரு பெரிய காட்சியாக வர்ணித்து, நடிகர்கள் அக்கினியில் துடிப்பதைப் பார்த்து மகிழப்போவதாக எழுதுகிறார். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். காட்சி வேண்டாம் என்றவருக்கும் அடுத்தவர் வலியை வேடிக்கை பார்க்கிற ஆசை போகவில்லை.

பிற்காலத்தில் ஆயரான அகுஸ்தீன் தன் நண்பர் அலிப்பியுசைப் பற்றி எழுதியது இன்னும் நெருக்கமானது. அலிப்பியுஸ் ரோமில் சட்டம் படிக்கிறார். வாள்வீரர்கள் வெட்டிக்கொண்டு சாகிற விளையாட்டு அவருக்கு அருவருப்பு. நண்பர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். என் உடம்பைத்தான் உட்கார வைக்க முடியும், கண்ணைத் திறக்க வைக்க முடியாது என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். சண்டையில் ஒருவன் விழுந்ததும் கூட்டம் ஓவென்று கத்துகிறது. என்னதான் நடந்தது பார்த்துவிடலாம், பார்த்தாலும் ஜெயித்துவிடுவேன் என்று கண்ணைத் திறக்கிறார். அதோடு போயிற்று. வந்தபோது இருந்த மனிதன் இல்லை, அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான் என்கிறார் அகுஸ்தீன். பிறகு மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு அது பிடித்துக்கொண்டது. காதையும் மூடியிருக்கக் கூடாதா என்று ஒரு வரி அதில் வருகிறது.

சாலிக்கிராமம்

காது! அது முழு உண்மை தம்பி. படத்தில் ஒலியை அணைத்துவிட்டுச் சண்டைக் காட்சியைப் பாருங்கள், ஒன்றுமே இருக்காது. இரண்டு பேர் கை வீசுவது மாதிரி இருக்கும். ஆசையையும் வெறியையும் உள்ளே கொண்டுபோய் வைப்பது சத்தம்தான். வீட்டில் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது.

மூணு பிள்ளைங்க அம்மா

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. வீட்டில் என்ன செய்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன். போனில் தனியாகப் படம் பார்க்கக் கூடாது, அது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். ஹாலில் டிவியில் மட்டும். எந்தப் படமானாலும் முடிந்ததும் அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசுவோம். யார் செய்தது தப்பு, யாருக்கு வலித்தது. முதலில் பிள்ளைகள் முனகினார்கள். இப்போது என் சின்னவள், "அம்மா, நீங்க பார்க்கிற சீரியல்ல எல்லாரும் பொய் சொல்றாங்க, அதைப் பத்தி எப்ப பேசுவோம்?" என்று கேட்டாள். அந்த சீரியலை விட்டு எட்டு மாதம் ஆகிறது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச காலத்தில் நாற்பது நாளும் டிவி மூடித்தான் இருக்கும்.

பாளை அண்ணன், பையன் உங்களிடம் சொல்லிவிட்டுப் போனான் பாருங்கள், அது பெரிய விஷயம். அதை உடைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் யாரும் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனதில்லை.

மறைக்கல்வி ஆசிரியர், திருச்சி

அம்மா சொன்ன அந்தப் பத்து நிமிஷத்தை அடுத்த வாரம் என் வகுப்பில் சொல்லப்போகிறேன்.

நாசரேத்துக்காரி

ஒரே ஒரு கேள்வி, எல்லாருக்கும். ரோமர் முதல் அதிகாரத்தின் கடைசி வசனம், பாவத்தைச் செய்கிறவர்களைப் பற்றி மட்டும் இல்லாமல், செய்கிற மற்றவர்களிடத்தில் "பிரியமுமாயிருக்கிறார்கள்" என்று சொல்கிறதே. படம் பார்க்கும்போது நான் யாரிடத்தில் பிரியமாயிருக்கிறேன்? வில்லன் வெட்டுப்படும்போது என் உள்ளே ஒரு சந்தோஷம் வருகிறது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றி எந்தச் சான்றிதழும் எச்சரிப்பதில்லை. எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அதைக் கவனிக்க ஆரம்பித்த பிறகு சில படங்களைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். யாரும் சொல்லி நிறுத்தவில்லை.

பாளை தகப்பன்

எல்லாருக்கும் நன்றி. ஐந்து நாளாக ஒவ்வொருவர் எழுதியதையும் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

என் மகன் தியேட்டரில் பார்த்த படத்தைவிட மோசமானவற்றை நான் போனில் பார்த்திருக்கிறேன். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு. வெளிநாட்டுத் தொடர்கள், கதை நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்தது. மூன்று வருஷமாக நடக்கிறது. எந்த மூப்பரும் என்னைப் பார்க்கவில்லை, அதனால் என் சாட்சி கெடவில்லை. போன ஞாயிறுகூட வேதபாடம் வாசித்தேன். பையனை எல்லார் முன்னாலும் நிறுத்தியபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி, என்னைக் கண்டுபிடித்துவிட்டார்களோ என்ற பயம். "போனில் தனியாகப் பார்க்கக் கூடாது, பெரியவர்களுக்கும் சேர்த்து" என்று அந்தத் தங்கச்சி எழுதியதை வாசித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி மகனை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். தாவீதைப் பற்றிக் கேட்டானே, முதலில் அதற்குப் பதில் சொன்னேன். நான்காம் வசனம் ஒரே வரி, மீதி எல்லாம் விளைவு என்று. கவனமாகக் கேட்டான். "நான் பார்த்த படத்துல அந்தக் காட்சி தேவையே இல்லப்பா, அப்பவே எனக்குத் தோணுச்சு, ஆனா கண்ணை எடுக்கல" என்றான். அதற்குப் பிறகு என்னுடையதைச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை, அவன் வயதுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் எழுந்து போய் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது, "இனிமே ராத்திரி உங்க போன் என் ரூம்ல சார்ஜ் ஆகட்டும், என் போன் உங்க ரூம்ல" என்றான். சரி என்றேன்.

மூப்பரைப் பார்க்க சனிக்கிழமை சாயந்தரம் போகிறேன். பையனுக்காக வாதாட அல்ல. அவன் மூன்று மாதம் உட்காரட்டும், அவனே அதற்குச் சம்மதித்துவிட்டான். நானும் அந்த மூன்று மாதம் வேதபாடம் வாசிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வரப் போகிறேன். காரணம் கேட்டால் சொல்வேன்.